கண்ணை மூடினால் தடுமாறும் கால்கள்: ஒரு சமநிலை வரலாறு



காமர்ஸ் படிக்கிறவனிடம் பேலன்ஸ் என்று சொன்னால் அவனுக்கு பேலன்ஸ் ஷீட்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தக் கட்டுரை டெபிட், கிரெடிட் பற்றி அல்ல. இரண்டு காலில் விழாமல் நிற்கிறோமே, அந்த பேலன்ஸ் பற்றி. நரம்பு நோய் வந்து அதை இழந்தவர்கள் எப்படி சமாளித்தார்கள் என்ற வரலாறு பற்றி.

"இது டாக்டருக்குப் படிக்கிறவன் எழுத வேண்டியதாச்சே, உனக்கெதுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காரணத்தை நடுவில் சொல்கிறேன். முதலில் ஒரு சின்ன சோதனை.

இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நேராக நில்லுங்கள். கைகளைப் பக்கவாட்டில் தொங்க விடுங்கள். இப்போது கண்ணை மூடுங்கள். உடம்பு லேசாக ஆடும், ஆனால் விழ மாட்டீர்கள். (வீட்டில் வயதானவர்களைச் செய்யச் சொன்னால் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நில்லுங்கள். தனியாக வேண்டவே வேண்டாம்.)

கண் திறந்திருக்கும்போது நன்றாக நிற்கிற ஒருவர், கண்ணை மூடிய அடுத்த நொடி சரிந்தால்? அவருடைய நரம்புகளில் ஏதோ கோளாறு. இந்தச் சோதனைக்கு ரோம்பெர்க் சோதனை என்று பெயர். 180 ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எல்லாம் வந்த பிறகும் நரம்பு டாக்டர்கள் இதை விடவில்லை. பைசா செலவில்லாத சோதனை!

மூன்று கணக்குகள்

நாம் நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது.

ஒன்று, கண். சுவர் நேராக இருக்கிறதா, தரை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறது.

இரண்டு, உள்காது. அங்கே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இவை சொல்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சின்னப் பைகள், தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்கின்றன.

மூன்று, பாதம், தசை, மூட்டுகளிலிருந்து வரும் நிலையுணர்வு. கண்ணை மூடிக்கொண்டே உங்கள் மூக்கைத் தொட முடிகிறதல்லவா? கை எங்கே இருக்கிறது, கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரிகிறது. அதுதான் நிலையுணர்வு. கால் நரம்பு வழியாகக் கிளம்பி, தண்டுவடத்தின் பின்பக்கமாக மேலே ஏறி மூளைக்குப் போகிறது.

இந்த மூன்று கணக்கையும் சரிபார்க்கும் ஆடிட்டர் என்று சிறுமூளையைச் சொல்லலாம். ஒரு கணக்கில் பற்றாக்குறை வந்தால் மற்ற இரண்டிலிருந்தும் எடுத்துச் சமாளிக்கலாம். இரண்டில் பற்றாக்குறை வந்தால் திவால்! ரோம்பெர்க் சோதனையில் நடப்பது இதுதான். கால் நரம்பு ஏற்கெனவே கெட்டுப் போனவர் கண்ணை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கண்ணையும் மூடச் சொன்னால் உள்காது ஒன்றே பாக்கி. அது மட்டும் போதாது.

பெயர் வைத்தார்கள், கைவிட்டார்கள்

மோரிட்ஸ் ரோம்பெர்க் பெர்லினில் இருந்த மருத்துவர். 1840 முதல் 1846 வரை பகுதி பகுதியாக அவர் எழுதி வெளியிட்ட நூலைத்தான் நரம்பு நோய்களுக்கான முதல் முறையான பாடநூல் என்கிறார்கள். அதில் டேபஸ் டார்சாலிஸ் என்ற நோயை விவரித்தார். தண்டுவடத்தின் பின்பகுதி மெல்ல மெல்லத் தேய்ந்து போகிற நோய். தரை கம்பளி மேல் நிற்கிற மாதிரி, மணல் மேல் நிற்கிற மாதிரி மெத்தென்று இருக்கிறது என்று நோயாளிகள் சொன்னதை எழுதி வைத்தார். குதிரையில் போகிறவருக்கு அங்கவடியில் கால் பட்டிருக்கிறதா என்றே தெரியாதாம். கண்ணை மூடினால் தள்ளாடுவார்கள் என்பதும் அங்கேதான் வருகிறது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தில் மார்ஷல் ஹால் என்ற மருத்துவர், தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒழுங்காக நடந்து, இருட்டில் தடுமாறுகிற ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார்.

1858, 59-ல் பிரான்சின் டுஷேன் இன்னொரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். இந்த நோயாளிகளுக்குக் காலில் பலம் குறையவில்லை. பக்கவாதம் போல கால் செயலிழக்கவும் இல்லை. தசைகளை ஒன்றோடொன்று ஒத்துழைக்க வைப்பதுதான் அவர்களால் முடியவில்லை. பலம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதிலிருந்துதான் ஒரு வழி பிறக்கப் போகிறது.

நோய்க்குப் பெயர் இருந்தது, சோதனை இருந்தது. வைத்தியம்? இல்லை. குணமாகும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லை என்றுதான் ரோம்பெர்க்கும் எழுதினார். சிபிலிஸ் என்ற மேகநோயின் பின்விளைவாகத்தான் இது வருகிறது என்று 1876-ல் பாரிஸின் ஆல்ஃப்ரெட் ஃபூர்னியே வாதிட்டார். பலர் ஏற்கவில்லை. அவர் சொன்னதே சரி என்று உறுதியாக இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இதனால் நோயாளிகளுக்கு இரட்டைத் தண்டனை. நடக்கவும் முடியாது, ஏன் நடக்க முடியவில்லை என்று வெளியே சொல்லவும் முடியாது.

தொங்கவிட்ட வைத்தியம்

வைத்தியம் இல்லாத இடத்தில் விபரீத வைத்தியம் நுழையும். 1883-ல் ஒடெசா நகரத்து மருத்துவர் மோச்சுட்கோவ்ஸ்கி ஒரு முறையை வெளியிட்டார். தாடைக்கும் அக்குளுக்கும் பட்டை மாட்டி, கப்பி போட்டு நோயாளியைச் சில நிமிடங்கள் அந்தரத்தில் தொங்க விடுவது! தண்டுவடம் நீளும், நோய் குறையும் என்று நம்பிக்கை. அன்றைக்கு உலகத்தின் பெரிய நரம்பு மருத்துவர் பாரிஸில் இருந்த ஷார்கோ. அவரே 1889-ல் இதைக் கையில் எடுத்ததும் ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் பரவிவிட்டது. கொஞ்ச காலத்தில் பிரயோஜனம் இல்லை என்று கைவிடப்பட்டது.

இப்படித் தொங்கியவர்களில் ஒருவர் பிரெஞ்சு நாவலாசிரியர் அல்ஃபோன்ஸ் தோதே. ஷார்கோவின் நோயாளி. தன் வலியையும் தள்ளாட்டத்தையும் குறிப்புகளாக எழுதி வைத்தார். 1897-ல் அவர் இறந்து, 1930-ல்தான் அந்தக் குறிப்புகள் புத்தகமாக வந்தன. டேபஸ் நோயாளி என்ன அனுபவித்தார் என்பதை மருத்துவப் புத்தகங்களைவிட அதில் நன்றாகத் தெரிந்துகொள்ளலாம்.

தேர்வில் தோற்ற நோயாளி

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம்மைப் போன்ற மாணவர்களுக்கு உடனே புரியும் கதை.

சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரியைப் பார்த்தபடி ஒரு மலையூர், பெயர் ஹைடன். செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கிய ஆன்ரி துனாந்த் தன் கடைசி 18 ஆண்டுகளை இந்த ஊர் மருத்துவமனையில்தான் கழித்தார். அதே ஊரில் ஹைன்ரிஷ் ஃப்ரெங்கெல் என்ற மருத்துவர் இருந்தார்.

1880-களின் பிற்பகுதி. டேபஸ் நோயாளி ஒருவரை ஃப்ரெங்கெல் பரிசோதிக்கிறார். விரலால் மூக்கின் நுனியைத் தொடச் சொல்கிறார். நோயாளியால் முடியவில்லை, விரல் எங்கெங்கோ போகிறது. இந்தச் சோதனை எதற்கு என்று கேட்டவருக்கு விளக்கியும் சொல்லி அனுப்பிவிட்டார். சில மாதம் கழித்து அதே நோயாளி மறுபடி வருகிறார். மறுபடி அதே சோதனை. இந்த முறை விரல் சரியாக மூக்கைத் தொடுகிறது! ஃப்ரெங்கெலுக்கு ஆச்சரியம். நோயோ குறையாத நோய், மருந்தும் கிடையாது. பிறகு எப்படி?

விசாரித்ததில் விஷயம் ரொம்ப எளிமை. போன தடவை தேர்வில் தோற்றது அவருக்குப் பிடிக்கவில்லை. இந்த முறை பாஸாக வேண்டும் என்று வீட்டில் தினமும் பயிற்சி செய்திருக்கிறார். அவ்வளவுதான். அரியர் வைத்தவன் இரவு பகல் படித்து கிளியர் பண்ணுகிற மாதிரி!

இன்னொரு மருத்துவராக இருந்தால், "சோதனையின் பலனைக் கெடுத்துவிட்டாயே" என்று எரிச்சல்பட்டிருக்கலாம். ஃப்ரெங்கெல் அப்படி நினைக்கவில்லை. ஒரு அசைவைப் பயிற்சியால் திருத்த முடியும் என்றால், நடையையும் அப்படித் திருத்த முடியாதா என்று யோசித்தார். 1890-ல் முதல் கட்டுரை, 1900-ல் ஜெர்மன் மொழியில் முழுப் புத்தகம், 1902-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனைக்கும் அவர் முறை போய்ச் சேர்ந்தது. ஷார்கோ நோயாளிகளைத் தொங்கவிட்ட அதே மருத்துவமனை!

ஃப்ரெங்கெல் பயிற்சி என்றால் என்ன?

பிசியோதெரபி படிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பெயர் இன்றைக்கும் அவர்கள் பாடத்தில் இருக்கிறது. அடிப்படை இதுதான்:

1. முதலில் படுத்துக்கொண்டு. தலையைச் சற்று உயர்த்தி, தன் காலைத் தானே பார்க்கும்படி படுக்க வேண்டும். குதிகாலைப் படுக்கையில் இழுத்தபடி முழங்காலை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும். நடுவில் சொன்ன இடத்தில் நிறுத்த வேண்டும்.

2. அடுத்து உட்கார்ந்துகொண்டு. தரையில் போட்ட குறியின் மேல் பாதத்தைச் சரியாக வைக்க வேண்டும். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும்.

3. கடைசியாக நின்றுகொண்டு. பக்கவாட்டில் நடப்பது, இரண்டு கோடுகளுக்கு நடுவில் நடப்பது, தரையில் வரைந்த பாதச் சுவடுகளின் மேல் கால் வைத்து நடப்பது, திரும்புவது.

எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே, மெதுவாக, கண்ணால் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். களைத்துப் போகுமுன் நிறுத்திவிட வேண்டும். ஜிம்முக்குப் போகிறவன் எடையைக் கூட்டிக்கொண்டே போவான். இங்கே அது கிடையாது. டுஷேன் சொன்னது நினைவிருக்கிறதா? பலம் இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை. அதனால் பயிற்சியும் பலத்துக்கு அல்ல, துல்லியத்துக்கு. கால் கொடுக்காத தகவலைக் கண் கொடுக்கிறது, திரும்பத் திரும்பச் செய்வதால் மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதனால் நோய் குணமாகவில்லை. செத்த நரம்பு உயிர்க்கவில்லை. நோயாளி நடந்தார், அவ்வளவே. ஆனால் கட்டிலிலேயே கிடந்தவருக்கு அந்த "அவ்வளவே" எவ்வளவு பெரிது!

நோய் போனது, பயிற்சி நின்றது

1943-ல் சிபிலிஸுக்குப் பென்சிலின் வேலை செய்கிறது என்று தெரிந்தது. அதன் பிறகு டேபஸ் மிக அரிதாகிவிட்டது. ஆனால் நிலையுணர்வைக் கெடுக்கிற நோய்கள் தீர்ந்துவிடவில்லை.

1863-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் நிக்கோலஸ் ஃப்ரீட்ரைஷ், ஒரே குடும்பத்தில் உடன்பிறந்தவர்களுக்கு இளவயதிலேயே வருகிற ஒரு தள்ளாட்ட நோயை விவரித்தார். அது சிபிலிஸால் வருவதல்ல, பரம்பரையாக வருவது. அதன் மரபணுவைக் கண்டுபிடிக்க 1996 ஆனது. அமெரிக்காவில் அதற்கென்று முதல் மருந்து அனுமதி பெற்றது 2023-ல்! 160 ஆண்டுகள்... அந்த 160 ஆண்டும் நோயாளிகள் என்ன செய்தார்கள்? பயிற்சி, ஊன்றுகோல், சுவர், பக்கத்தில் ஒரு துணை. இவற்றை வைத்துத்தான் வாழ்ந்தார்கள்.

பி12 வைட்டமின் குறைந்தாலும் தண்டுவடத்தின் அதே பின்பகுதி கெடும். 1900-லேயே லண்டனில் மூன்று மருத்துவர்கள் இதை விரிவாக எழுதிவிட்டார்கள். 1948-ல் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகு இது சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியில் சரியாகக்கூடிய நோயாகிவிட்டது. அதனால்தான் கால் மரத்து நடை தள்ளாடினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: சர்க்கரை நோய். நீண்ட நாள் சர்க்கரை, பாதத்தின் நரம்புகளைக் கெடுக்கும். எரிச்சல், ஊசி குத்தல், பிறகு மரத்துப் போதல். செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாது.

முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். என் தாத்தாவுக்கு இருபது வருடமாக சர்க்கரை. பகலில் நன்றாக நடப்பார். இருட்டினால் சுவரைப் பிடிப்பார். காலையில் முகத்தில் தண்ணீர் அடித்துக் கண்ணை மூடும் அந்த இரண்டு நொடியில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வார். டேபஸ் காலத்து மருத்துவர்களும் இதையே, முகம் கழுவக் குனிந்தால் விழுகிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் விடியற்காலை டீக்கடைக்குப் போன இடத்தில் யாரோ ஒருவர், "என்ன பெருசு, காலையிலேயே ஏத்தியாச்சா?" என்று கேட்டிருக்கிறார். தாத்தா வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அதற்குப் பிறகு டீக்கடைக்கே போவதில்லை. "கால் வலிக்குதுப்பா" என்கிறார். வலி காலில் இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

விழுவதைவிட, விழுந்துவிடுவோமோ என்ற பயமும், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும்தான் மனிதரை வீட்டுக்குள் அடைக்கிறது. வீட்டில் அடைந்தால் நடை குறைகிறது, நடை குறைந்தால் பேலன்ஸ் இன்னும் கெடுகிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி!

காதின் கதை

இதுவரை பார்த்தது மூன்றாவது கணக்கு. இரண்டாவது கணக்கான உள்காதுக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு உண்டு.

1861 வரை தலைசுற்றல் என்றால் மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது என்று சொல்லி அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள். பாரிஸில் காது கேளாதோர் நிறுவனத்தின் மருத்துவராக இருந்த ப்ரோஸ்பேர் மெனியேர்தான், கோளாறு காதில் இருக்கலாம் என்று அந்த ஆண்டு எடுத்துச் சொன்னார்.

1882-ல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு ஆராய்ச்சி செய்தார். காது கேளாத 519 பேரைச் சுழற்றிவிட்டுப் பார்த்ததில் 186 பேருக்குத் தலையே சுற்றவில்லை. ஹார்வர்டில் மாணவர்கள், ஆசிரியர்கள் என்று சுமார் 200 பேரைச் சுழற்றியதில் ஒருவர் தவிர எல்லோருக்கும் சுற்றியது. காதுக்குள் இருப்பது கேட்பதற்கு மட்டுமல்ல என்பதற்கு இது நல்ல சாட்சி. இப்படிப்பட்டவர்கள் தண்ணீருக்குள் மூழ்கினால் மேலே எது கீழே எது என்று தெரியாமல் போய்விடுகிறது என்பதையும் அவர் விசாரித்து எழுதினார். கண் மறைகிறது, கால் தரையில் இல்லை, காதும் உதவாது. மூன்று கணக்கும் காலி.

வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற காது மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்வார். பலருக்குத் தலை சுற்றும். ஏன் என்று தெரியவில்லை. ஒரு நோயாளி சொன்னார்: தண்ணீர் வெதுவெதுப்பாக இல்லாவிட்டால்தான் சுற்றுகிறது என்று. பாரானி அதைப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த நீர், சூடான நீர் என்று மாற்றிப் பார்த்து உள்காதைச் சோதிக்கும் முறையையே உருவாக்கினார். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி! இங்கேயும் கவனியுங்கள், துப்பு கொடுத்தது ஒரு நோயாளி.

காசநோய்க்கு 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. அது உயிரைக் காத்தது, சிலருக்கு உள்காதின் சமநிலை உறுப்பைக் கெடுத்தும் விட்டது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் தானே ஒரு மருத்துவர். பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு 1952-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் தன் அனுபவத்தை எழுதினார். படிக்கும்போது நாடித் துடிப்புக்கே தலை ஆடி, எழுத்துகள் குதித்திருக்கின்றன. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு இடையே தலையைச் செருகி வைத்துக்கொண்டுதான் படித்தாராம். நடக்கும்போது எதிரே வருகிறவர் முகம் தெரியாது, நின்றால்தான் தெரியும். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணையும் காலையும் வைத்து வாழப் பழகிக்கொண்டார்.

1940-களில் லண்டனில் காது மருத்துவர் காதார்ன், மறுவாழ்வு மருத்துவர் குக்ஸி இருவரும் தலையில் அடிபட்டவர்களுக்கும் காது அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் பயிற்சிகள் வகுத்தார்கள். முதலில் கண்ணை மட்டும் அசைப்பது, பிறகு தலையை, பிறகு உட்கார்ந்து, நின்று, பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போட்டு, படி ஏறி இறங்கி... தலை சுற்றுகிறதே என்று அசையாமல் படுத்தால் மூளை பழகாது. சுற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்தால்தான் பழகும் என்பது அவர்கள் கொள்கை.

பார்த்துப் பார்த்து நடந்தவர்

நிலையுணர்வு கொஞ்சம் கொஞ்சமாகப் போகாமல் மொத்தமாகப் போனால்? இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயர் கதை அதுதான். 1971-ல் அவருக்கு வயது 19. காய்ச்சல் போல ஒன்று வந்து, கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் நிலையுணர்வும் அடியோடு போய்விட்டன. தசைகள் நன்றாக இருக்கின்றன, வலியும் சூடும் தெரிகிறது. ஆனால் கை கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கையைப் பார்த்துக்கொண்டே, என்ன செய்ய வேண்டும் என்று மனதில் திட்டமிட்டு அசைத்தால் அது அசைகிறது என்பதை அவரே கண்டுபிடித்தார். எழுந்து உட்காரக் கற்றார், நிற்கக் கற்றார், ஒரு வருடத்துக்கும் மேலாக உழைத்து நடந்தார். பிறகு அரசு வேலையும் பார்த்தார். ஆனால் விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். நாம் யோசிக்காமல் செய்யும் ஒவ்வொரு அடியையும் அவர் யோசித்துச் செய்தார். டாக்டர் ஜோனதன் கோல் 1991-ல் அவரைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே தினசரி மாரத்தான் என்று வரும். பொருத்தமான பெயர்.

இதிலிருந்து வீட்டுக்கு என்ன?

இந்த வரலாற்றை எல்லாம் படித்தபோது, வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் சாதாரண அறிவுரைகளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய காரணம் இருக்கிறது என்று புரிந்தது.

வெளிச்சம்: கால் கணக்கு காலியானவருக்குக் கண்தான் கால். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு ஜீரோ வாட் பல்பு எரிய வேண்டும். கரண்ட் போனால் எடுக்க ஒரு டார்ச் தலையணை பக்கத்தில் இருக்க வேண்டும்.

விரல் நுனி: ஜேக்கா, லாக்னர் என்ற இருவர் 1994-ல் காட்டியது இது. ஒரு விரல் நுனியால் எதையாவது லேசாகத் தொட்டாலே உடம்பு ஆடுவது நன்றாகக் குறைகிறது. அந்தத் தொடுதலின் அழுத்தம் 100 கிராம் எடைக்கும் கீழேதான், ஆளைத் தாங்கவே தாங்காது. அது தருவது தகவல். அதனால் சுவரோரம் நடப்பதும், கைத்தடியும் பலவீனத்தின் அடையாளம் அல்ல. மூளைக்கு நான்காவது கணக்கு ஒன்று திறந்து கொடுப்பது.

பேச்சு: 1997-ல் ஸ்வீடனில் முதியோரிடம் செய்த ஆய்வில், நடக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்தினவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்று அதற்கு அர்த்தம். தாத்தா படி இறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டுக் கேள்வி கேட்கக் கூடாது என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்!

பயிற்சி: 2012-ல் பார்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. சீனத்துத் தாய் சீ என்ற மெதுவான அசைவுப் பயிற்சியைச் செய்தவர்களுக்கு பேலன்ஸ் மேம்பட்டது. மெதுவாக, கவனமாக, திரும்பத் திரும்ப. ஃப்ரெங்கெல் சொன்ன அதே மூன்று! ஆனால் எந்தப் பயிற்சி, எவ்வளவு என்பதை டாக்டரும் பிசியோதெரபிஸ்டும்தான் சொல்ல வேண்டும். கட்டுரை படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். காது நோய்க்கான பயிற்சி வேறு, கால் நரம்புக்கான பயிற்சி வேறு என்பதை மேலேயே பார்த்தோம்.

கடைசியாக...

ரோம்பெர்க், ஷார்கோ எல்லாம் மகா மேதைகள். சந்தேகமே இல்லை. ஆனால் நோயை அறிந்துகொள்வது ஒன்று, நோயோடு வாழ்வது இன்னொன்று. இரண்டாவதில் முதல் அடியைப் பல நேரம் நோயாளிகளே எடுத்து வைத்திருக்கிறார்கள். மூக்கைத் தொடப் பழகிய அந்தப் பெயர் தெரியாத மனிதர், தண்ணீர் குளிராக இருக்கிறது என்று சொன்ன வியன்னாக்காரர், கட்டில் கம்பியில் தலையைச் செருகிப் படித்த டாக்டர், காலைப் பார்த்துப் பார்த்து நடந்த வாட்டர்மேன். ஃப்ரெங்கெல், பாரானியின் பெருமை என்னவென்றால் நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

எல்லா நோயும் பயிற்சியில் அடங்காது. ஃப்ரீட்ரைஷ் நோய் போன்றவை மேலே மேலே போய்க்கொண்டுதான் இருக்கும். நேற்று நடந்தவர் நாளை சக்கர நாற்காலிக்கு வரலாம். அது அவர் முயற்சி போதாததால் அல்ல. இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், "நீ இன்னும் நல்லா பிராக்டிஸ் பண்ணியிருக்கணும்" என்று நோயாளியையே குற்றவாளியாக்கிவிடுவோம்.

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. ரோட்டில் யாராவது தள்ளாடி நடந்தால் உடனே பாட்டில் ஞாபகம் நமக்கு வர வேண்டாம். அவர் ஒவ்வொரு அடியையும் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டிருக்கலாம். கொஞ்சம் விலகி வழி விடுவோம். தேவைப்பட்டால், முதலில் கேட்டுவிட்டு, கை கொடுப்போம்.